அப்பாவின் கைமாற்றும் இரண்டு ரூபாய்களும்



2021ஆம் ஆண்டு, ஊரடங்கு சற்றே தளர்ந்திருந்த நாள்களில், காயல்பட்டினத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் பரணை ஒழித்துக்கொண்டிருந்தோம். கரையான் தின்ற பாய்கள், பீங்கான் கோப்பைகள், கொழும்பிலிருந்து வந்த பிஸ்கட் தகரங்கள் ஆகியவற்றுக்கு அடியில் துணியட்டை போட்ட பேரேடு ஒன்று கிடைத்தது. அது எங்கள் அப்பாவுடையது. எங்கள் ஊர் வழக்கில் வாப்பாவின் வாப்பாவையே அப்பா என்போம் என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறோம். கொழும்புப் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர் அவர். எங்களில் மூத்தவருக்கு மட்டுமே அவருடைய முகம் மங்கலாக நினைவிருக்கிறது.

பேரேடு முழுவதும் அரபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தது. எங்களில் அதைச் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர் லாத்தா ஒருவர்தாம். உம்மும்மாவின் மடியில் இருந்து பழைய மாலைகளைப் படித்துப் பழகியவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். வேட்டிப் பொதிகள், தோணிக் கூலி, நோன்புக் கஞ்சிக்குக் கொடுத்த அரிசி, ஸகாத் பிரித்த பட்டியல் என்று ஒரு காலம் மெல்லத் திறந்துகொண்டே வந்தது. கடைசிப் பக்கங்களில் ஓர் இடத்தில் அவருடைய குரல் தயங்கியது.

ஹிஜ்ரி 1385, ஷவ்வால் பிறை 12 என்று தேதியிட்டு, பேருவளை ஹாஜியார் ஒருவரிடம் மூவாயிரம் ரூபாய் கைமாற்று வாங்கியதாக அங்கே எழுதப்பட்டிருந்தது. அவர் அப்பாவின் தொழில் பங்காளி. பெயரை இங்கே தவிர்க்கிறோம். அதற்குக் கீழே, ஹிஜ்ரி 1386 ரஜபில், மதுரையில் வைத்து அதே ஹாஜியாருக்கு 787 ரூபாய் 50 பைசா கொடுத்ததாகவும், கடனில் 500 கழிந்ததாகவும் ஒரு வரி. அத்தோடு பக்கம் வெறுமையாகிவிட்டது. மீதம் அடைந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை.

அன்று மாலை எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. காரணங்கள் இரண்டு. முதலாவது, அடைபடாத கடன். கடன் விட்டுச் சென்ற ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியதையும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தச் சில தீனார்களுக்குத் தாம் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்ததையும் ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் அது வேறு யாருடைய வீட்டுக் கதையாகவோ இருந்தது. இப்போது அது எங்கள் பரணிலிருந்து இறங்கி வந்திருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணறையில் இருக்கும் ஒரு மனிதர், நாங்கள் யாசீன் ஓதும் ஒவ்வொரு வியாழன் இரவும் எதற்காகக் காத்திருந்தாரோ என்ற எண்ணம் எங்களை அரித்தது.

இரண்டாவது காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்களில் இளையவர்தாம், கணக்குப் படித்தவர் என்பதால், கடைசியில் அதைச் சொன்னார். "ஐந்நூறு கழிய எழுநூத்தி எண்பத்தேழரை ஏன் கொடுக்கணும்? எட்டு ஒன்பது மாசத்துல எரநூத்தி எண்பத்தேழரை கூட. இதுக்குப் பேரு என்ன லாத்தா?"

லாத்தா பேரேட்டை மூடிவைத்துவிட்டார். வட்டி என்ற சொல் அந்த அறையில் உச்சரிக்கப்படாமலேயே நின்றது. எங்கள் அப்பா, வட்டிக்கடைக்காரர் கொடுத்தனுப்பிய கல்யாணச் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பியவர் என்று உம்மும்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கதையே எங்கள் குடும்பத்தின் சொத்து. இந்த ஒரு வரி அதை அழித்துவிடுமோ என்று பயந்தோம்.

அடுத்த சில மாதங்கள், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கல்வியைத் தேடிப் படித்தோம். இந்திய ரூபாய்க்கும் இலங்கை ரூபாய்க்கும் இடையில் இருந்த உறவின் வரலாறு அது. ஏன் அதைத் தேடினோம் என்றால், இளையவர் அந்த வரியைப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கவனித்தார். 500க்கு மேல் 287.50 என்பது நூற்றுக்கு ஐம்பத்தேழரை. வட்டிக்காரன் யாரும் ஐம்பத்தேழரை என்று விகிதம் வைப்பதில்லை. மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு என்றுதான் வைப்பான். அப்படியானால் அந்த அரைக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்க வேண்டும்.

பழைய தலைமுறைக்குத் தெரிந்த, எங்கள் தலைமுறைக்கு அடியோடு மறந்துபோன உண்மை ஒன்று உண்டு. இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய வெள்ளி ரூபாயே இலங்கையிலும் செல்லுபடியானது. தோட்டங்களுக்குப் போன கூலியாள்களும், அரிசியும் துணியும் கொண்டுபோன நம்மவர்களும் அதே காசைத்தான் மடியில் முடிந்துகொண்டு கடலைக் கடந்தார்கள். 1872 முதல் இலங்கை அந்த ரூபாயை நூறு சதமாகப் பிரித்துக்கொண்டது. இந்தியா பதினாறு அணாவிலேயே நின்றது. ஆகவே, ரூபாய் ஒன்று, சில்லறை இரண்டு. கால் ரூபாய் என்பது இங்கே நாலணா, அங்கே இருபத்தைந்து சதம். 1957 ஏப்ரலில் இந்தியாவும் நூறு பைசாவுக்கு மாறியது.

இதை அறிந்த பிறகு அப்பாவின் பேரேட்டைத் திரும்பப் புரட்டியபோது, அதன் பழைய பக்கங்கள் புதிதாகப் பேசின. எந்த இடத்திலும் அவர் இந்திய ரூபாய் என்றோ இலங்கை ரூபாய் என்றோ எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை. சில்லறையில் அணா இருந்தால் அது ஊர்க் கணக்கு, சதம் இருந்தால் கொழும்புக் கணக்கு என்று நாங்கள் பிரித்து அறிந்தோம். ஆனால் கைமாற்று வாங்கியதோ முழுசாக மூவாயிரம். அதில் சில்லறை இல்லை. எந்த நாட்டுக் காசு என்பதற்கு எந்தத் துப்பும் இல்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அப்பா அந்தக் கட்டளைப்படி எழுதித்தான் வைத்திருந்தார். அவர் எழுதியபோது இரண்டும் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான்.

இந்தச் சமம் ஏதோ தற்செயலாக நிலைத்ததன்று. 1950க்கு முன் இலங்கையில் மத்திய வங்கி கிடையாது. நாணய வாரியம் ஒன்றே இருந்தது. இலங்கை நோட்டைக் கொண்டுவந்தவருக்கு இணையான இந்திய ரூபாயைத் தர அது கடமைப்பட்டிருந்தது. 1949 செப்டம்பரில் பிரிட்டிஷ் பவுன் மதிப்பிழந்தபோது இரு ரூபாய்களும் கைகோத்துக்கொண்டே இறங்கின. 1950 ஆகஸ்ட் 28 அன்று இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. ஜான் எக்ஸ்டர் என்ற அமெரிக்கரே அதன் முதல் ஆளுநர். அதன் பிறகு இலங்கை ரூபாய் இந்திய ரூபாயின் நிழலாக இல்லாமல், தங்கத்தால் அளக்கப்படும் தனி நாணயமாயிற்று. ஒரு ரூபாய்க்கு 2.88 கிரெய்ன் தங்கம், அதாவது இருபத்தொரு அமெரிக்க சென்ட். சட்டப்படி பிரிந்துவிட்டாலும், இரண்டும் டாலருக்கு 4.76 என்ற ஒரே இடத்தில் நின்றதால் கடைத்தெருவில் ஒன்றாகவே நடந்தன. பெட்டாவில் விற்ற வேட்டிக்கும் திருநெல்வேலியில் வாங்கிய வேட்டிக்கும் ஒரே மனக்கணக்கு போதுமானதாக இருந்தது. இடையில் செலாவணிக் கட்டுப்பாடுகள் இறுகின. வசிப்பு அனுமதிகள் சுருங்கின. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோயிற்று. எனினும் ரூபாய்க்கு ரூபாய் என்ற வாய்ப்பாடு மட்டும் மாறவில்லை.

அது முறிந்த நாள் 1966 ஜூன் 6. இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 என்றிருந்தது 7.50 ஆயிற்று. ரூபாய் முப்பத்தாறரை விழுக்காடு இறங்கியது என்று பத்திரிகைகள் எழுதின. அதையே மறுபுறமிருந்து பார்த்தால், வெளிநாட்டுக் காசின் விலை ஐம்பத்தேழரை விழுக்காடு ஏறியது என்று பொருள். இலங்கை அன்று தன் ரூபாயை அசைக்கவில்லை. ஆகவே அன்று முதல் ஓர் இலங்கை ரூபாய்க்கு ஒரு ரூபாய் ஐம்பத்தேழரைப் பைசா.

இளையவர் இதை நள்ளிரவில் கண்டுபிடித்து, எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொலைபேசி செய்தார். ஐந்நூறை 1.575ஆல் பெருக்கினால் 787.50. ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரஜப் 1386 என்பது 1966 அக்டோபர், நவம்பர். மதிப்புக் குறைந்து நான்கைந்து மாதங்களே ஆகியிருந்த காலம்.

லாத்தா அந்நேரத்திலேயே எழுந்து உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுததாகப் பின்னர் சொன்னார்.

ஆக, அப்பா வாங்கிய மூவாயிரம் கொழும்பில் கைமாறிய இலங்கை ரூபாய். ஹாஜியார் மருத்துவத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ மதுரைக்கு வந்திருந்தபோது, அதில் ஐந்நூறை இந்தியக் காசாக, அன்றைய விலைக்கு, அப்பா அடைத்திருக்கிறார். இத்தகைய கைமாற்றுகளைச் செலாவணிச் சட்டம் எப்படிப் பார்த்திருக்கும் என்பது வேறு கதை. எங்களைத் தொட்டது இன்னொன்று. பேரேட்டில் வெறும் ரூபாய் என்றுதான் இருந்தது. வாங்கியபோது ஒன்றுக்கு ஒன்று. "நான் வாங்கியது ஐந்நூறு, இதோ ஐந்நூறு" என்று அவர் சொல்லியிருந்தால், மறுத்துக்காட்ட ஹாஜியாரிடம் ஒரு தாள்கூட இருந்திருக்காது. எங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் இதைக் காட்டியபோது அவர் இப்னு உமர் (ரலி) அவர்களின் செய்தியை நினைவூட்டினார். ஒட்டகத்தைத் தீனாருக்கு விற்றுவிட்டு அதற்குப் பதிலாகத் திர்ஹம் வாங்கிக்கொள்ளலாமா என்று அவர்கள் கேட்டபோது, அன்றைய நாளின் விலைக்கு வாங்கிக்கொண்டு, இருவருக்கும் இடையில் பாக்கி எதுவும் வைக்காமல் பிரிந்தால் குற்றமில்லை என்ற பொருளில் நபியவர்கள் அனுமதித்தார்கள். "உங்க அப்பா செஞ்சது அதுதான். நாணயம் மாறினா அன்னிக்கி வெல. இதுல வட்டியோட வாடையே கிடையாது" என்றார் ஆலிம்.

இங்கே ஒரு சிறு விலகல். 1966 ஜூன் மாதத்தால் அலைக்கழிந்தவர்கள் கொழும்பு வியாபாரிகள் மட்டுமல்லர். வளைகுடாவில் நம்மவர் வேலைக்குப் போகத் தொடங்கிய அந்தக் காலத்தில், அங்கே பல நாடுகளில் புழங்கியதே நம் ரிசர்வ் வங்கியின் ரூபாய்தான். தங்கக் கடத்தலைத் தடுக்க 1959இல் வளைகுடாவுக்கென்று தனி நோட்டுகள் அச்சிட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கென்றும் தனி நோட்டு இருந்தது. குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் சொந்தத் தீனாருக்கு மாறிவிட்டன. கத்தாரும் துபாயும் 1966இல் இந்த மதிப்புக் குறைப்போடு ரூபாயைக் கைவிட்டன. இன்று திர்ஹத்துக்கு எத்தனை ரூபாய் என்று நாள்தோறும் கைப்பேசியில் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு, அந்தத் திர்ஹம் இருந்த இடத்தில் ஒருகாலத்தில் நம் ரூபாய் இருந்தது என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

அப்பாவின் கடனுக்கு வருவோம். இரண்டாயிரத்து ஐந்நூறு இலங்கை ரூபாய் பாக்கி. அவர் ஏன் அதை அடைக்கவில்லை என்பது பேரேட்டில் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது, 1967இல் அவர் கடையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார் என்பதும், அதன் பிறகு நோயில் விழுந்தார் என்பதும்தான். அந்த ஆண்டு நவம்பரில் இலங்கையும் தன் ரூபாயைக் குறைத்தது. டாலருக்கு 5.95. அதனால் ஓர் இலங்கை ரூபாய் 1.26 இந்திய ரூபாயாக இறங்கிற்று. 1968இல் அங்கே இரட்டை விலை வந்தது. அரசு விலை ஒன்று, உரிமைச் சான்றிதழ் வாங்கி இறக்குமதி செய்கிறவருக்கு அதற்கு மேல் ஒன்று. அதிகாரக் கணக்கில் 1977 வரை இலங்கை ரூபாயே இந்திய ரூபாயைவிடச் சற்று உயர்ந்திருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் இரட்டை விலையை ஒழித்து, டாலருக்கு ஏறத்தாழ 16 என்று விட்டார்கள். ஒரே நாளில் தட்டு மறுபக்கம் சாய்ந்தது. இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் ஏறக்குறைய இரண்டு. பிறகு 1990இல் இரண்டேகாலுக்கு மேல். 1991 ஜூலையில் இந்தியா மீண்டும் குறைத்தபோது ஒன்றரைக்குச் சற்று மேல். 2010 வாக்கில் இரண்டரை. நாங்கள் பேரேட்டைக் கண்டெடுத்தபோது இரண்டே முக்கால்.

கணக்கிட்டால், 1966இன் இறுதியில் 3,937 இந்திய ரூபாயும் ஐம்பது பைசாவுமாக இருந்த பாக்கி, 2021இல் தொள்ளாயிரத்துச் சொச்சம் ரூபாய். எங்களில் எவர் வீட்டிலும் ஒரு மாத மின்கட்டணத்துக்கு அது காணாது.

எங்களுக்குள் பிளவு வந்தது இங்கேதான். மூத்தவர், கடன் என்பது வாங்கிய எண்ணிக்கைதான், இரண்டாயிரத்து ஐந்நூறைக் கொடுத்தால் தீர்ந்தது என்றார். லாத்தா ஒப்பவில்லை. அன்று ஹாஜியார் கொடுத்தது ஒரு குடும்பத்தின் பிழைப்பு, இன்று நாம் கொடுக்கப்போவது ஒரு வேளைச் சாப்பாடா என்று கேட்டார். 2.88 கிரெய்ன் கணக்கை இளையவர் எடுத்துக்கொடுத்தார். சட்டம் சொன்ன அந்தத் தங்க அளவை அப்படியே எடுத்தால், இரண்டாயிரத்து ஐந்நூறு இலங்கை ரூபாய் என்பது 466 கிராம். ஐம்பத்தெட்டுப் பவுன். அந்த விலைக்குக் கடைத்தெருவில் யாரும் தங்கம் விற்றதில்லை என்பது உண்மைதான். அது அரசுகள் தமக்குள் வைத்துக்கொண்ட கணக்கு. எனினும் அந்த எண் வீட்டில் ஒருமுறை சொல்லப்பட்டுவிட்டது. தொள்ளாயிரம் ரூபாய்க்கும் ஐம்பத்தெட்டுப் பவுனுக்கும் இடையே எங்கள் கடமை எங்கே நிற்கிறது? பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஐம்பத்தெட்டுப் பவுன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

ஆலிமிடம் மீண்டும் போனோம். இந்தக் கேள்வி புதிதன்று என்று அவர் சொன்னதே முதலில் ஆறுதலாக இருந்தது. செப்புக் காசுகளின் விலை ஏறி இறங்கிய காலங்களிலெல்லாம் ஃபிக்ஹு அறிஞர்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள், கடன் கொடுத்த நாளின் மதிப்பைப் பார்க்க வேண்டும் என்ற கருத்துக்கு வந்தார்கள். டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (ரஹ்) நாணய மாற்றங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் சுயூத்தி (ரஹ்) இதே பொருளில் எழுதியிருக்கிறார்கள். வாங்கியதற்கு நிகரானதைத் திருப்புவதே கடமை, விலை ஏறினாலும் இறங்கினாலும் சரி என்பதே நம் மத்ஹபின் வழி. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், இன்றைய காகிதப் பணத்துக்கு அதையே முடிவாகச் சொன்னது. கடனை விலைவாசியோடு கட்டிவைக்கக் கூடாது, எண்ணிக்கைக்கு எண்ணிக்கையே என்றது.

"அப்ப ஐம்பத்தெட்டுப் பவுன் கடமையில்ல. ரெண்டாயிரத்து ஐந்நூறுதான் கடமை" என்று ஆலிம் சொன்னபோது மூத்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் ஆலிம் நிறுத்தவில்லை. வாங்கிய ஒட்டகத்தைவிட நல்ல ஒட்டகமாக நபியவர்கள் திருப்பிக் கொடுத்ததைச் சொன்னார். முன்கூட்டிப் பேசிக்கொள்ளாமல், அடைக்கிறவர் தம் மனமுவந்து கூடுதலாகக் கொடுத்தால் அது வட்டியல்ல, அழகிய நிறைவேற்றம் என்றார். ஒரு நிபந்தனையும் வைத்தார். கடமையான தொகை அப்பா விட்டுச் சென்ற சொத்திலிருந்து போகலாம். கூடுதலோ, அவரவர் சொந்தக் கையிலிருந்துதான் போக வேண்டும். ஏனெனில் அப்பாவின் தென்னந்தோப்பில் இன்று, காலமாகிவிட்ட எங்கள் சாச்சாவின் பேரன், பத்து வயதுப் பிள்ளை ஒருவனுக்கும் பங்கு உண்டு. அவன் சார்பில் தாராளம் காட்ட எங்களில் யாருக்கும் உரிமையில்லை. இந்த நுணுக்கம் எங்களுக்குத் தோன்றியதே இல்லை. தானம் செய்யும் உற்சாகத்தில் ஒரு யத்தீமின் பங்கைத் தொட இருந்தோம்.

ஹாஜியாரின் வாரிசுகளைக் கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. கொழும்பில் இருக்கும் ஊர்க்காரர்கள் மூலம் விசாரித்தோம். அதற்குள் 2022 மார்ச் வந்துவிட்டது. இலங்கை மத்திய வங்கி ரூபாயின் பிடியை விட்டது. டாலருக்கு 200 சொச்சமாக இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் நாலரைக்கும் மேல். எங்கள் பாக்கி, நாங்கள் தேடிக்கொண்டிருந்த சில மாதங்களிலேயே, தொள்ளாயிரத்திலிருந்து ஐந்நூற்று நாற்பதுக்கு வந்துவிட்டது. எங்களில் ஒருவர், "இன்னும் ஆறு மாசம் போனா சும்மாவே அடஞ்சிடும் போல" என்று வேடிக்கையாகச் சொன்னார். சொன்னவரே உடனே அஸ்தஃபிருல்லாஹ் என்றார். வசதி உள்ளவன் கடனை இழுத்தடிப்பதை நம் மார்க்கம் ஏன் அநியாயம் என்கிறது என்பது, சரியும் நாணயத்தில் கடன் வைத்திருக்கும்போது புரிகிற அளவுக்கு வேறெப்போதும் புரியாது. அந்த மே மாதக் கடைசியில் இலங்கையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 420 ரூபாய். ஹாஜியாரின் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஆறு லிட்டர் முழுதாக வராது.

ஜூன் மாதம் ஹாஜியாரின் மகள் கிடைத்தார். எண்பதை எட்டியவர், பேருவளையில் மகன் வீட்டில் இருக்கிறார். அவருடைய சகோதரர்கள் இருவர் காலமாகிவிட்டனர். பிள்ளைகள் இருக்கிறார்கள். லாத்தாதான் பேசினார். அழைப்பை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு நாங்கள் சுற்றி அமர்ந்திருந்தோம்.

விஷயத்தைக் கேட்டு அந்த அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட வாப்பா இதப்பத்தி ஒண்டும் சொல்லல்ல மகள். காயல் நானாண்டு ஒருத்தரப் பத்தி மட்டும் சொல்லுவாரு. அவரு நல்ல மனுசன்டு" என்றார்.

லாத்தாவால் மேற்கொண்டு பேச முடியவில்லை. மூத்தவர் வாங்கிக்கொண்டு, கடமையான தொகை இவ்வளவு, அதை வாரிசுகள் எல்லோரும் பிரித்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் நாங்கள் நால்வரும் எங்கள் கையிலிருந்து அன்பளிப்பாகக் கொஞ்சம் தர விரும்புகிறோம் என்று சொன்னார்.

"அந்த ரெண்டாயிரத்தஞ்நூற அனுப்புங்க மகன். அது உங்கட அப்பாட கழுத்துல இருக்குற பாரம், வேணாண்டு சொன்னா நான் பாவம். மத்தத காசா அனுப்பாதீங்க. காசுக்கு இஞ்ச வாங்க ஒண்டும் இல்ல. மருந்துக்குத்தான் கஷ்டம்" என்றார்.

அந்நாள்களில் அங்கே மருத்துவமனைகளில்கூட மருந்துத் தட்டுப்பாடு. அவர் ஒரு பட்டியலைப் பேரனைக்கொண்டு அனுப்பிவைத்தார். தம்முடைய இரத்த அழுத்த மாத்திரையை இரண்டாவதாகத்தான் எழுதியிருந்தார். முதலாவது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கான வலிப்பு மருந்து. மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கி, சென்னையிலிருந்து கொழும்பு சென்ற ஊர்க்காரர்கள் மூவர் மூலம் மூன்று தவணையாக அவை போய்ச் சேர்ந்தன. அன்பளிப்பாக நாங்கள் ஒதுக்கியிருந்தது அவ்வளவும் அதில் தீரவில்லை. மீதத்தை என்ன செய்வது என்று இன்றுவரை லாத்தாவுக்கும் மூத்தவருக்கும் வாக்குவாதம் நடக்கிறது. லாத்தா இன்னமும் ஐம்பத்தெட்டுப் பவுனை மறக்கவில்லை. கடமை இல்லை என்பது வேறு, நான் மறப்பது வேறு என்கிறார்.

இரண்டாயிரத்து ஐந்நூறை மட்டும், கொழும்பில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இலங்கை நோட்டுகளாகவே கொண்டுபோய், அந்த அம்மையாரின் கையிலும் மற்ற வாரிசுகளின் கையிலும் பங்குப்படி கொடுத்தார். அன்று துல்ஹஜ் மாதம், அரஃபா நாளுக்கு இரண்டு நாள் முன்பு. செய்தி வந்ததும் லாத்தா பேரேட்டை எடுத்து, ரஜப் 1386 வரிக்குக் கீழே, அரபுத் தமிழிலேயே, தேதியும் தொகையும் எழுதினார். தொகைக்கு முன்னால் ‘இலங்கை’ என்ற சொல்லையும் சேர்த்தார்.